குடுமியான்மலை: வாசிக்கலாம், வாசிக்க முடியாது

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் மண்டபத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் குன்றைக் குடைந்து செய்த மேலைக்கோயில். அதன் பக்கத்துப் பாறையில்தான் அந்தப் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கு. சுமார் 13 அடிக்கு 14 அடி, 38 வரிகள்.

எழுத்து பல்லவ கிரந்தம். காலம் 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். 1904-இல் இது கவனத்துக்கு வந்தது. பிறகு பி. ஆர். பண்டார்கர் ஆராய்ந்து 'எபிகிராபியா இண்டிகா' 12-ஆம் தொகுதியில் வெளியிட்டார்.

உள்ளே என்ன இருக்கு? சிவ வணக்கத்துக்குப் பிறகு ஏழு பகுதிகள். மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்பு. 'நாரதீய சிக்ஷை'யில் வரும் அதே ஏழு பழைய பண்கள்தான். தலைப்புகளுக்குக் கீழே ஸ்வரங்கள், நான்கு நான்காக. ஆனால் நமக்குத் தெரிந்த ச-ரி-க-ம மாதிரி இல்லை. ச, சி, சு, செ. ர, ரி, ரு, ரெ என்று ஒரே ஸ்வரம் நான்கு உயிரொலிகளில் வருகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளி வேறு.

அந்த உயிரொலி எதைக் குறிக்கிறது? சுருதி வேறுபாடு என்பார் சிலர், தந்தியை மீட்டும் முறை என்பார் சிலர். இன்னும் முடிவாகவில்லை.

தமிழில் 'வாசிப்பது' என்றால் படிப்பதும்தான், வீணை வாசிப்பதும்தான். இந்தக் கல்வெட்டை முதல் அர்த்தத்தில் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிடலாம். இரண்டாவது அர்த்தத்தில், அன்று ஒலித்தபடியே வாசிக்க இன்று யாராலும் முடியாது. அப்படியென்றால் இதற்குப் பொருள் இருக்கா, இல்லையா?

அம்மா கைப்பட எழுதிய சமையல் குறிப்பை எடுத்துப் பாருங்க. "பதம் வந்ததும் இறக்கு" என்று இருக்கும். ஒவ்வொரு சொல்லும் நமக்குப் புரியும். ஆனால் பதம் எதுன்னு பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மா சொல்லவில்லை.

கல்வெட்டின் கடைசி வரிகள் இதைத்தான் காட்டுகின்றன. ருத்ராசார்யரின் சீடனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று அதில் இருக்கிறது. மகேந்திரவர்மன்தான் அவன் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். கல்லில் அந்தப் பெயர் இல்லை. அரசன் தன் பெயரை விட்டுவிட்டு ஆசானின் பெயரைச் சொல்லியிருக்கிறான். அதற்குக் கீழே தமிழில் ஒரு சிறு குறிப்பு: எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை. தந்திகளின் எண்ணிக்கை என்று கொள்கிறார்கள். அன்றைய மாணவனுக்கு அந்த எண்களே போதுமாக இருந்திருக்கும், "எது எட்டு?" என்று அவன் கேட்டிருக்க மாட்டான்.

ஆக, பொருள் கல்லில் மட்டும் இருந்ததில்லை. கல்லுக்கும், காதுக்கும், சொல்லிக்கொடுத்தவரின் விரலுக்கும் நடுவில் இருந்தது. அதில் கல் மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கு. "எனக்குப் புரியவில்லை" என்பதும் "இதற்குப் பொருளில்லை" என்பதும் ஒன்றல்ல. யாரோ கற்றுக்கொள்ளட்டும் என்று பார்த்துப் பார்த்து வெட்டிய எழுத்து அது. நான்காம் உயிரொலியின் ரகசியம் தெரியாவிட்டாலும், அந்த அக்கறை இன்றும் புரிகிறது.

அடுத்த முறை போனால் சிற்பங்களோடு திரும்பிவிடாதீங்க. பாறைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாங்க.