ஒரு சொல்லுக்கு எவ்வளவு காசு?

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித் தருகிற சேவைகள் அநேகமாக ஒரே மாதிரித்தான் காசு கேட்கும். மாதத்துக்கு இத்தனை ஆயிரம் மடலுக்கு இவ்வளவு, அதைத் தாண்டினால் மேலதிகக் கட்டணம். ஒரே மடலை 500 பேருக்கு அனுப்பினால் அது 500 மடல். செலவு கையைக் கடிக்காமல் இருக்க ஒரு உச்சவரம்பு போட்டு வைக்கலாம். ஆனால் வரம்பைத் தொட்டதும் அனுப்புவதே நின்றுபோனால், விளம்பர மடலோடு சேர்ந்து கடவுச்சொல்லை மறந்தவருக்குப் போகவேண்டிய மடலும் நின்றுவிடும். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக்கூடாது என்ற இந்தத் தலையிடி கணினியோடு வந்தது என்று நாங்கள் நினைத்தால் அது பிழை. கடிதக் காலத்திலேயே இது இருந்திருக்கிறது.

1840க்கு முந்தைய இங்கிலாந்தில் தபால் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் காசு கட்டுவது கடிதத்தைப் பெறுபவர். சனம் சும்மா இருக்குமா? ஒரு தாளை எழுதி முடித்துவிட்டு, அதே தாளைத் திருப்பிப் பிடித்து, எழுதிய வரிகளுக்குக் குறுக்காக இன்னொரு தரம் எழுதினார்கள். வாசிக்கிறவரின் கண் என்ன பாடுபட்டதோ தெரியாது, ஆனால் கணக்கில் அது ஒரே தாள். பத்திரிகைகள் தபாலில் இலவசமாகப் போனதால், பழைய பத்திரிகை ஒன்றில் வேண்டிய எழுத்துகளுக்குக் கீழே ஊசியால் குத்திச் செய்தி அனுப்பியவர்களும் இருந்தார்கள்.

கவிஞர் கோல்ரிட்ஜ் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. ஒரு பெண், தன் சகோதரனிடமிருந்து வந்த கடிதத்தைக் காசில்லை என்று திருப்பிக் கொடுக்கிறாள். கவிஞர் இரங்கிக் காசு கட்டிவிடுகிறார். உள்ளே பார்த்தால் வெறும் தாள். கடிதம் வந்தாலே அண்ணன் சுகம் என்று அர்த்தம், திறக்கத் தேவையில்லை. எங்கட ‘மிஸ்ட் கோல்’ அல்லாமல் வேறென்ன இது?

ரோலண்ட் ஹில் 1837இல் எழுதிய சிறுநூலில் இதற்கு ஒரு தீர்வு சொன்னார். தூரத்தை விட்டுவிட்டு நிறைக்கு மட்டும் விலை போடுங்கள், அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டட்டும் என்றார். 1840இல் அரை அவுன்ஸ் கடிதம் நாடு முழுக்க ஒரு பென்னிக்குப் போனது. முதல் வருடம் ஏறத்தாழ 76 மில்லியனாக இருந்த கடிதங்கள் அந்த வருடம் 169 மில்லியன் அளவுக்கு ஏறின. தந்திரமெல்லாம் வேலையில்லாமல் போனது. விலை குறைந்தபோது சனம் நேராகவே எழுதத் தொடங்கியது.

தந்தி வந்ததும் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 1866இல் அத்திலாந்திக் கடலடிக் கம்பி வேலைசெய்யத் தொடங்கியபோது 20 சொல்லுக்கு 20 பவுண். அந்த விலையில் யார் நலம் விசாரிப்பது? வியாபாரிகள் குறிச்சொல் நூல்களை வாங்கினார்கள். முழு வாக்கியம் ஒன்றுக்கு ஒரே சொல். தந்தி நிர்வாகங்களும் விடவில்லை. ஒரு குறிச்சொல் 10 எழுத்தைத் தாண்டக்கூடாது, குறிப்பிட்ட 8 மொழிகளின் சொற்களில் ஒன்றாக இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1903இல், உச்சரிக்கக்கூடியதாக இருந்தால் இல்லாத சொல்லும் சரி என்று ஒத்துக்கொண்டார்கள். உடனே 1906இல் பென்ட்லி என்பவரின் நூல் வந்தது. அதில் ஒவ்வொரு குறிச்சொல்லும் 5 எழுத்து, இரண்டை ஒட்டினால் 10, கட்டணமோ ஒரு சொல்லுக்கு. ஓட்டையை அடைப்பதும் அடுத்த ஓட்டையைத் தேடுவதுமாக இப்படியே போனது.

மிச்சம் பிடிப்பதன் மறுபக்கத்துக்கு நாங்கள் பார்த்த நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 1887 ஜூன் மாதம், பிலடெல்ஃபியாவில் கம்பளி வியாபாரம் செய்த பிரிம்ரோஸ், கன்சாஸில் இருந்த தன் முகவருக்குக் குறிச்சொற்களில் ஒரு தந்தி அடித்தார். அதில் ‘பே’ என்ற சொல்லுக்கு அவர்களுக்குள் ‘நான் வாங்கிவிட்டேன்’ என்று பொருள். ‘குவோ’ என்றால் 5 இலட்சம் இறாத்தல். போய்ச் சேர்ந்தபோது ‘பே’ என்பது ‘பை’ ஆகிவிட்டது, அதாவது ‘வாங்கு’. மோர்ஸில் ‘ஏ’ எழுத்து ஒரு புள்ளி, ஒரு கோடு. ‘யூ’ எழுத்து இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஒரேயொரு புள்ளி கூடிவிட்டது.

முகவர் வாங்கத் தொடங்கினார். ஏறத்தாழ 3 இலட்சம் இறாத்தல் கம்பளி. நட்டம் 20,000 டொலருக்கு மேல். பிரிம்ரோஸ் வெஸ்டர்ன் யூனியன் கொம்பனி மீது வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1894இல் தீர்ப்பு வந்தது. அவருக்குக் கிடைக்கக்கூடியது தந்திக்குக் கட்டிய 1.15 டொலர் மட்டும். படிவத்தின் பின்பக்கத்தில், ஒருவரும் வாசிக்காத அந்த நிபந்தனைகளில், பாதிக் கட்டணம் கூடுதலாகக் கட்டினால் செய்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்ப்போம், இல்லையென்றால் பிழைக்குப் பொறுப்பில்லை என்று இருந்தது. அவர் அதைக் கட்டவில்லை. 1.15 டொலரின் பாதி என்றால் கிட்டத்தட்ட 58 சதம். இன்னொன்றும் சொல்லவேண்டும். முழு வாக்கியமாக எழுதியிருந்தால் ஒரு எழுத்து பிழைத்தாலும் முகவருக்கு விளங்கியிருக்கும். சுருக்கியதால் ஒவ்வொரு எழுத்தும் முழுப் பாரத்தையும் சுமந்தது.

இலங்கையில் 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் தந்தி தொடங்கியது. சொல்லுக்குக் காசு என்பதால் சாதாரண வீடுகள் அவசரத்துக்குத்தான் அதைத் தொட்டன. ‘தந்தி வந்திருக்கு’ என்றாலே யாரோ போய்விட்டார்கள் என்று அழத்தொடங்கிய வீடுகளைப் பற்றி அம்மம்மாமார் இன்றும் சொல்வார்கள். அந்தப் பயத்துக்குள் கட்டண விகிதமும் ஒளிந்திருந்தது.

எங்கட தலைமுறைக்கு எஸ்எம்எஸ். ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும். தமிழை யூனிகோட்டில் அனுப்பினால் 70தான். அதுவும் எங்கட எழுத்து இல்லை, யூனிகோட்டின் எண்ணிக்கை. ‘யாழ்ப்பாணம்’ எங்களுக்கு 6 எழுத்து, அதற்கு 11. குற்றும் அரவும் தனித்தனியாக எண்ணப்படும். செய்தி நீண்டு பல துண்டாகப் போனால் ஒரு துண்டுக்கு 67. இளம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து மொழியைக் கெடுக்கிறார்கள் என்று பெரியவர்கள் ஏசினார்கள். ஃபோன்களில் தமிழ் விசைப்பலகை இல்லாததும் ஒரு காரணம்தான். ஆனால் இந்தக் கணக்கை ஒருவரும் பார்க்கவில்லை.

140 எண்ணிக்கை உள்ள ஒரு அறிவித்தலை 1000 பேருக்கு அனுப்புவதாக வைப்போம். ஆங்கிலத்தில் அது 1000 குறுஞ்செய்தி. தமிழில் ஆளுக்கு மூன்று துண்டு, 3000. சிங்களத்துக்கும் இதே கதிதான். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் கேட்கும்போது, அனுப்புகிற அலுவலர் முதலில் எதை வெட்டுவார்?