‘சிஃபு’: பட்டமா, உறவா?
சீனத் தற்காப்புக் கலை ஆசிரியரைக் கன்டோனிய மொழியில் ‘சிஃபு’ என்றும் மாண்டரினில் ‘ஷிஃபு’ என்றும் அழைப்பர். இச்சொல்லுக்கு எழுத்தில் இரு வடிவங்கள் உள்ளன. ஒன்றின் ஈற்றெழுத்து ‘தந்தை’ எனப் பொருள்படும்; மற்றது தச்சர், சமையற்கலைஞர் முதலிய தொழில்வல்லாரையும் குறிக்கும். முன்னதன் பொருளை நாம் மரபுவழிச் சடங்கில் காண்கிறோம். மாணவன் மண்டியிட்டுத் தேநீர் அளித்து ஆசிரியரின் குடும்பத்துள் ஒருவனாகிறான். ஆசிரியரின் ஆசிரியர் ‘சிகுங்’. தனக்கு முன்னர்ச் சேர்ந்தவர், வயதில் இளையவராயினும், ‘சிஹிங்’ எனும் தமையன். மக்கள் சீனத்தில் வூஷு விளையாட்டாக வளர்ந்தபோது, பயிற்றுநரைக் குறிக்கும் ‘ஜியாவ்லியென்’ எனும் பெயர் அத்துறையில் வழங்கலாயிற்று. பயிற்றுநர் திறனை வளர்ப்பார். சிஃபுவோ மாணவனின் ஒழுக்கத்திற்கும் பொறுப்பேற்பவர். ஆகவே, இது தகுதிப் பட்டமன்று, உறவுப்பெயரே என்பது நம் துணிபு. இப்பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்பவர், பிள்ளையின்றித் தந்தையென அழைக்கப்பட விழைபவரையே ஒப்பர்.