ரத்தம் கொடுத்தவர்கள்

1985ஆம் ஆண்டின் இறுதியில், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு வயது 32. அவருடைய ஆய்வேட்டுக்கு எய்ட்ஸ் என்ற தலைப்பைச் சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். அது அமெரிக்காவின் நோய், ஒழுக்கமான நம் நாட்டுக்கு வராது என்பதுதான் அன்று படித்தவர்களின் பேச்சாகவும் இருந்தது.

மும்பையைப் போலச் சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனிப் பகுதி இல்லை. அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பேசித்தான், மற்றவர்களை எங்கே பார்க்கலாம் என்று நிர்மலா தெரிந்துகொண்டார். போலீஸ் தினமும் பெண்களைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தும். ஜாமீன் கட்ட முடியாதவர்கள் காப்பகத்துக்குப் போவார்கள். கட்ட முடிந்தவள் வெளியே போய்விடுவாள். ஆக, யாருடைய ரத்தம் சோதிக்கப்படும் என்பதை ஜாமீன் தொகைதான் முடிவுசெய்தது. அந்தப் பெண்களைக் காசு கொடுத்துத் தேடிவந்த ஆண்கள் எவருடைய ஆய்வுத் தலைப்பிலும் இல்லை.

நிர்மலா கையுறைகூட இல்லாமல், மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பாதுகாத்து வைக்க வசதி இல்லாததால் அவை அவருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன. 1986 பிப்ரவரியில் அவற்றை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச்சென்று சோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவில் மறுசோதனை செய்தும் முடிவு அதுவேதான். சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார்.

இரண்டு பெண்களின் துணிவால் நடந்த கண்டுபிடிப்பு இது. இந்தியாவின் ரத்தப் பரிசோதனை முறையும் தடுப்புத் திட்டங்களும் இதற்குப் பிறகே தொடங்கின. நாம் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. எதற்காக ரத்தம் எடுக்கிறேன் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பது உண்மை. அடைத்து வைக்கப்பட்டவள் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது என்பதும் உண்மை.

கண்டுபிடிப்பின் விளைவு முதலில் விழுந்ததும் அவர்கள் மேல்தான். கிருமி இருந்ததாலேயே வெளியே விடாமல் சென்னையின் காப்பகத்தில் பெண்கள் அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. சுனிதி சாலமனோ 1993இல் தனியாக ஒரு மையம் தொடங்கி, யாரும் தொடத் தயங்கியவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். அங்கே வந்த பெண்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். கணவனைத் தவிர வேறு உறவு அறியாதவர்கள்.

இந்தப் பழைய கதையை நினைவுபடுத்தியது ஒரு புதிய மருந்து. லெனகாபவிர். கிருமியின் மரபணுவைப் பொதிந்திருக்கும் புரத உறையைத் தாக்கும் மருந்து. அந்த உறையை மருந்தால் தொட முடியாது என்று வெகுகாலம் கருதப்பட்டது. தொற்று இல்லாதவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டுக்கொண்டால் போதும். தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுவரையான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வந்தது. ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. தினசரி மாத்திரை தரப்பட்ட இரு குழுக்களில் 39 பேருக்கும் 16 பேருக்கும் தொற்று வந்தது.

மாத்திரை ஏன் தோற்றது? பத்தாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கப் பெண்களிடம் நடந்த 'வாய்ஸ்' ஆய்வும் இப்படித்தான் முடிந்தது. ரத்தத்தில் பார்த்தால், பெரும்பாலோர் மாத்திரையைச் சாப்பிட்டிருக்கவில்லை. பெண்கள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதினார்கள். அலமாரியில் இருக்கும் மாத்திரைப் புட்டியைக் கணவனோ மாமியாரோ பார்த்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். நோயாளி என்பார்கள், இல்லையென்றால் வேறு ஆண் இருக்கிறான் என்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியை வீட்டில் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. இந்த மருந்தின் வெற்றியில் வேதியியலுக்கு எவ்வளவு பங்கோ, அந்த வீட்டைப் புரிந்துகொண்டதற்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இதே கில்லியட் நிறுவனத்தின் முந்தைய தடுப்பு மாத்திரை ஒன்று 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, பிறப்புறுப்பு வழி உறவால் தொற்று அபாயம் உள்ள பெண்களுக்கு அந்த அனுமதி பொருந்தவில்லை. காரணம் எளிது: அந்தச் சோதனையில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. இம்முறை பெண்களை முதலில் வைத்துச் சோதித்தது போராடிப் பெற்ற மாற்றம்.

விலை? 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் நிர்ணயித்தார்கள். ஏழை நாடுகள் 120க்காக ஆறு நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் தரப்பட்டது. அதன்படி ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டேரோ இரண்டும் 2027 முதல் ஆண்டுக்கு ஏறக்குறைய 40 டாலருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஒரே மருந்து, எழுநூறு மடங்கு வித்தியாசம். 2001இல் சிப்லா, ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்ததை நினைவுகூர்பவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகிய நாடுகள் அந்த 120க்குள் இல்லை. அந்த நான்கிலும் இதே மருந்தின் இன்னொரு சோதனை நடந்தது. திருநங்கைகளும் திருநம்பிகளும் ஆண்களும் தம் உடலைக் கொடுத்தார்கள். உடலைக் கேட்கும்போது அந்த நாடுகள் போதுமான அளவு ஏழையாகத் தெரிந்தன, மருந்தைக் கேட்கும்போது போதுமான அளவு பணக்காரர்களாகிவிட்டன.

2022இல் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் வாரந்தோறும் 15 முதல் 24 வயதுவரையான 3,100 பெண்களுக்குத் தொற்று ஏற்பட்டதாக ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு கணக்கிட்டது. அங்கே தடுப்பு மருந்துக்கான பணத்தில் பெரும்பங்கு அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டத்திலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது அதுவும் முடங்கியது. பிப்ரவரியில் விதிவிலக்கு வந்தது. தடுப்பு மருந்தை இனிமேல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள்.

சோதனையில் சேரும்போது அந்தப் பெண்களில் பலருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. அவர்களைப் போன்ற ஒருத்தி கருத்தரிக்கும்வரை அந்தப் பட்டியலில் இல்லை.