உழுந்துச் சக்கை தின்ற குதிரை

புறநானூற்றிலே 'குதிரை மறம்' என்றொரு துறை உண்டு. பொன்முடியார் பாடிய 299ஆம் பாட்டு அத்துறையைச் சேர்ந்தது. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனின் குதிரை உழுந்துச் சக்கை தின்று தளர்நடை நடப்பது. பெருவேந்தனின் குதிரைகளோ நெய்ச்சோறு உண்டவை. போர் மூண்டபோது சக்கை தின்ற குதிரை கடலைக் கிழிக்கும் தோணிபோலப் படையைப் பிளந்து சென்றது. நெய்ச்சோறு உண்டவை அஞ்சி ஒதுங்கி நின்றன. அப்போருக்கு முதல்நாள் யாரேனும் பந்தயம் கட்டியிருந்தால் எதற்குக் கட்டியிருப்பார்கள்? வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வந்துவிடும்.

ஊவாவுக்குக் குதிரைப் பந்தயம் புதியதன்று. நுவரெலியாவில் 1875இல் பந்தயம் தொடங்கியது. கொழும்பில் காலிமுகத்திடலில் ஓடிய குதிரைகள் 1893இல் கறுவாத்தோட்டத் திடலுக்கு மாறின. வெள்ளைக்காரர் காலத்தில் பதுளையிலும் ஒரு பந்தயத் திடல் இருந்தது. ஓடியது துரைமாரின் குதிரை. அதற்குக் கொள்ளு அவித்து, உடம்பு தேய்த்து, லாயத்தில் காவல் இருந்தவர் தோட்டத்துக் குதிரைக்காரர். லாயத்துக்கும் அவர் குடியிருந்த லயத்துக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். எந்தக் குதிரைக்கு முன்னங்கால் வலி, எது ஈரத்தரையில் தயங்கும் என்பதெல்லாம் துரையைவிட அவருக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த அறிவை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1956இல் பண்டாரநாயக்கவின் ஆட்சி வந்தபின் கொழும்புப் பந்தயங்கள் ஓய்ந்தன. பந்தயம் கட்டும் பழக்கம் ஓயவில்லை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்கு இங்கே பணம் கட்டும் 'ரேஸ் புக்கி' கடைகள் மலைநாட்டுப் பட்டினங்களிலும் நிலைத்தன. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்கு வரியும் விதித்தது.

சித்தப்பா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர் போட்டவர். 1990களில், சம்பளத்தை அடுத்து வரும் சனிக்கிழமைகளில் பதுளைக்கு இறங்கிவிடுவார். அங்கே மாலையாகும்போது இங்கே இரவு எட்டு மணி கடந்துவிடும். கடைசி பஸ்ஸும் போய்விடும் என்பதால் எங்கள் வீட்டில் படுத்துக்கொள்வார். ஆங்கிலம் ஓர் எழுத்தும் வாசிக்க மாட்டார்; ஆனால் ரேஸ் பேப்பரை அவர் படித்ததுபோல் நான் தொல்காப்பியத்தைக்கூடப் படித்ததில்லை. குதிரையின் பெயருக்கு முன்னால் இலக்கங்கள் வரிசையாக இருக்கும். 1 என்றால் வென்றது. 0 என்றால் ஒன்பதுக்கும் பின்னால் வந்தது. 'எஃப்' விழுந்தது, 'பி' பாதியில் நிறுத்தப்பட்டது. அந்த இரண்டு எழுத்துக்கள் மட்டும் அவருக்குத் தெரியும். பிறகு தூரம், தரையின் ஈரம், ஓட்டுபவன், சுமை.

சுமைதான் முக்கியம் என்பார். கிராண்ட் நேஷனல் என்னும் பெருந்தடைப் பந்தயத்தில் வல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றி ஓடவிடுவார்கள். 1973இல் கிறிஸ்ப் என்ற குதிரை வெகுதூரம் முந்தி ஓடியும், இறுதி ஓட்டத்தில் ரெட் ரம் அதை முக்கால் குதிரை நீளத்தில் பிடித்துவிட்டது. கிறிஸ்ப் சுமந்தது 23 இறாத்தல் கூடுதல். மறுவருடம் ரெட் ரம்மே பெருஞ்சுமையோடு ஓடி மீண்டும் வென்றது. 1977இல் மூன்றாம் முறை. கொழுந்துக்கூடை சுமந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு 23 இறாத்தல் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான கதை 1967இல் நடந்தது. 23ஆவது தடையில், ஓட்டுநர் இல்லாமல் ஓடிய ஒரு குதிரை குறுக்கே திரும்ப, பின்வந்தவை ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றன. மிகவும் பின்தங்கி வந்த ஃபொய்னவோன் மட்டும் இடைவெளி கண்டு தாண்டி, ஒன்றுக்கு நூறு என்ற விலையில் வென்றது. அதன் சொந்தக்காரர்கூட அன்று திடலுக்கு வரவில்லை. பொன்முடியாரின் குதிரையாவது வீரத்தால் வென்றது. இது பின்தங்கியதாலேயே வென்றது!

தோட்டத்து மனிதர் விவரம் தெரியாமல் பணத்தைத் தொலைக்கிறார் என்று பட்டினத்தில் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சித்தப்பா குதிரையைப் பிழையாகக் கணித்தவர் அல்லர். அவர் கணிக்காதது விலையை.

நான் உயர்தரம் படித்த காலத்தில் ஒருநாள் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு குதிரைகள் ஓடுகின்றன. ஒரு ரூபாவுக்கு ஒன்று, இரண்டு, நான்கு, ஒன்பது என விலை. எது வென்றாலும் கையில் 100 ரூபா வரவேண்டுமானால் முறையே 50, 33.33, 20, 10 ரூபா கட்டவேண்டும். கூட்டினால் 113 ரூபா 33 சதம். அந்த 13 ரூபா சொச்சம், குதிரை அவிழ்த்துவிடப்படுமுன்பே கடைக்காரன் பெட்டியில் விழுந்தாயிற்று. எது ஓடினாலும் அவனுக்கு ஒன்றுதான்.

சித்தப்பா கடதாசியை வாங்கி, விளக்கருகே பிடித்து, இலக்கங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். கூட்டல் சரியா என்று தாமும் ஒருமுறை கூட்டினார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"கணக்கெல்லாம் சரிதாம்ப்பா. இந்த நாலுல எந்தக் குதிரைன்னு நீ சொல்லவே இல்லியே!"