மஸ்கட் சுல்தானின் பெட்டியும் ஒற்றைப் பவுணும்

ஒன்பதாந்தர வரலாற்றுப் பாடத்துக்காக, வீட்டில் பழைய காசு இருந்தால் கொண்டு வாருங்கள் என்று மாணவர்களிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். ராகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகள் அவர்கள். மறுநாள் என் மேசை நிறைந்துவிட்டது. சதுர வடிவான ஐந்து சதம், விளிம்பு வளைந்து வளைந்து செல்லும் இரண்டு சதம், விக்டோரியா மகாராணியின் தலை பதித்த செப்புக் காசு எனப் பலவும் வந்தன. ஒரு மாணவி மட்டும் வெறுங்கையுடன் வந்து நின்றாள்.

"எங்க அப்பாயிகிட்ட ஒரு தங்கக் காசு இருக்கு சேர். ஸ்கூலுக்குக் குடுத்துவிட மாட்டாங்களாம். நீங்க வந்து பாக்கணுமாம்" என்றாள்.

அன்று மாலையே போனேன். லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த அந்த மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, காசை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு புறத்தில் குதிரைமீதிருந்து நாகத்தைக் கொல்லும் வீரன். மறுபுறத்தில் தாடி வைத்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர். மேலே சங்கிலியில் கோப்பதற்கு ஒரு வளையம் பற்றவைக்கப்பட்டிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். ஆண்டு 1918. அதற்குச் சற்று மேலே, குதிரை நிற்கும் தரையில், ஆங்கில 'ஐ' எழுத்து ஒன்று மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது.

"இந்த மாதிரி ஏழு இருந்துச்சுங்க சேர். எங்க பாட்டன் ஊருக்குப் போய்ட்டு வந்தப்ப கொண்டாந்தது. மகளுக கல்யாணத்துக்கு ரெண்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒண்ணு, மகன் வெளிநாடு போக மூணு. டவுன்ல நகைக்கடையில நிறுத்துப் பாத்து காசு குடுத்தாங்க."

கடைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு ஒன்றையும் எடுத்துக் காட்டினார். அதில் எடையும் தொகையும் இருந்தன. எந்த ஆண்டுக் காசு, எந்த மன்னர் காலத்தது என்ற விபரம் எதுவும் இல்லை. அந்த ஆறு பவுண்களும் மூசையில் உருகிப் பல ஆண்டுகளாகின்றன.

தங்கக் காசு ஒன்று நிறுத்து விற்கப்படுவதும், அதே அளவு தங்கமுள்ள இன்னொன்று ஏல மண்டபத்தில் கோடிகளுக்குப் போவதும் எதனால்? அன்றிரவு என் மனதில் எழுந்த இந்தக் கேள்வியின் தொடர்ச்சியே இக்கட்டுரை.

மூசையில் தப்பியவை

ஐக்கிய அமெரிக்கா 1792ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனக்கென ஒரு நாணயச் சாலையைப் பிலடெல்பியாவில் அமைத்தது. அங்கு முதன்முதலாகத் தங்கக் காசுகள் அடிக்கப்பட்டது 1795இல். பத்து டொலர் காசுக்குக் 'கழுகு' என்றும், ஐந்து டொலர் காசுக்கு 'அரைக் கழுகு' என்றும் பெயர். அரைக் கழுகின் எடை 8.75 கிராம், 22 கரட் தங்கம். நமது பெண்களின் கழுத்தில் தொங்கிய ஆங்கிலப் பவுணும் 22 கரட்தான், எடை 7.98 கிராம். இரண்டுக்கும் இடையில் முக்கால் கிராம் அளவே வேறுபாடு.

ஆனால் அந்த ஆரம்பகால அமெரிக்கக் காசுகளுக்கு ஒரு சாபம் இருந்தது. ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று சட்டம் விகிதம் வகுத்திருந்தது. ஐரோப்பியச் சந்தையிலோ தங்கத்துக்கு அதைவிடக் கூடுதலான வெள்ளி கிடைத்தது. எனவே வணிகர்கள் அமெரிக்கத் தங்கக் காசுகளைத் திரட்டிக் கப்பலேற்றினர். அவை கடல் கடந்ததும் உருக்கப்பட்டன. 1834இல் காசின் தங்க அளவைச் சட்டம் குறைத்த பின்னரே இந்த ஓட்டம் நின்றது. அதற்குள் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

1822ஆம் ஆண்டின் அரைக் கழுகு இதற்குச் சிறந்த உதாரணம். அந்த ஆண்டுக் கணக்கில் 17,796 காசுகள் அடிக்கப்பட்டதாகப் பதிவு உள்ளது. இன்று உலகில் அறியப்பட்டவை மூன்றே. இரண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. தனியார் கையிலிருந்த ஒன்று 2021 மார்ச் மாதம் ஏலத்தில் 8.4 மில்லியன் டொலருக்கு விலைபோனது.

அருமை மட்டுமே இந்த விலைக்குக் காரணமன்று. அந்தக் காசு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது எழுத்தில் இருக்கிறது. சிக்காகோவின் வேர்ஜில் பிராண்ட் என்ற சேகரிப்பாளரிடம் இருந்தது. பின்னர் பால்டிமோர் வங்கியாளர் லூயிஸ் எலியாஸ்பேர்க்கிடம் வந்தது. 1982இல் அவரது சேகரிப்பு ஏலம் போனபோது 687,500 டொலருக்குப் போக் குடும்பத்தினரிடம் சேர்ந்தது. ஏல நிறுவனங்களின் விபரப்பட்டியல்களில் காசின் எடைக்கும் தரத்துக்கும் அடுத்து இந்த வம்சாவளிதான் அச்சிடப்படும். வாங்குபவர் தங்கத்தோடு அதையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஓர் அரசாங்கக் கடிதத்தால் உயிர்பிழைத்த காசும் உண்டு. 1933இல் அமெரிக்கா இருபது டொலர் 'இரட்டைக் கழுகு' காசுகளை அடித்தது. அதே ஆண்டில் தங்கக் காசுப் புழக்கத்தை நிறுத்தியதால் அவை வெளியிடப்படாமலே உருக்கப்பட்டன. சில காசுகள் களவாக வெளியேறின. அவற்றுள் ஒன்றை எகிப்திய மன்னர் பாரூக் வாங்கினார். அதை ஏற்றுமதி செய்ய 1944இல் அமெரிக்கத் திறைசேரியே தவறுதலாக அனுமதிப்பத்திரம் வழங்கியிருந்தது. 1952 புரட்சியில் மன்னர் நாட்டை விட்டு வெளியேறினார். 1954இல் அவரது சேகரிப்பு கெய்ரோவில் ஏலமிடப்பட்டபோது, அமெரிக்கா கேட்டதற்கிணங்க அந்தக் காசு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது; பின் அது மறைந்துவிட்டது. 1996இல் நியூயோர்க்கில் பிடிபட்ட காசு அதுவே என்று வாதிடப்பட்டது. அந்தப் பழைய அனுமதிப்பத்திரமே வழக்கின் போக்கை மாற்றியது. 2002இல் 7.59 மில்லியனுக்கும் 2021இல் 18.87 மில்லியன் டொலருக்கும் அக்காசு விற்கப்பட்டது. அவ்வாண்டின் ஏனைய இரட்டைக் கழுகுகள் எதையும் தனியார் வைத்திருக்கச் சட்டம் இடம்தரவில்லை.

கொழும்பில் நின்ற கப்பல்

இந்த அமெரிக்கத் தங்கம் நமது தீவின் கரையைத் தொட்டுச் சென்றதுண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

எட்மண்ட் ரொபேட்ஸ் என்ற அமெரிக்கத் தூதர் 1833இல் சீயம் மன்னருடனும், மஸ்கட், சன்சிபார் ஆகியவற்றை ஆண்ட செய்யித் ஸயீத் சுல்தானுடனும் வணிக உடன்படிக்கைகளைச் செய்தார். உடன்படிக்கைகளை உறுதிசெய்ய மீண்டும் புறப்பட்டபோது இரு அரசர்களுக்கும் அன்பளிப்பாக அமெரிக்கக் காசுகள் அடங்கிய பெட்டிகள் தயாரிக்கப்பட்டன. புழக்கத்திலுள்ள ஒவ்வொரு வகையிலும் ஒன்று வைக்க வேண்டும் என்பது கட்டளை. வெள்ளி டொலரும் பத்து டொலர் தங்கக் கழுகும் நெடுங்காலமாக அடிக்கப்படவில்லை. ஆகவே நாணயச் சாலை அவற்றை 1834இல் புதிதாக அடித்து, 1804 என்ற பழைய ஆண்டைப் பொறித்தது. நாணயவியலில் பெரும் புகழும் பெரும் சர்ச்சையும் பெற்ற '1804 டொலர்' பிறந்த கதை இது.

'பீக்கொக்' என்ற போர்க்கப்பல் இப்பெட்டிகளைச் சுமந்து வந்தது. 1835 செப்டெம்பரில் ஓமான் கரையோரம் மஸீரா தீவருகே தரைதட்டி, பீரங்கிகள் சிலவற்றைக் கடலில் எறிந்த பின்னரே மீண்டும் மிதந்தது. மஸ்கட்டில் சுல்தானுக்குரியதைக் கொடுத்துவிட்டு, பம்பாய் வழியாக அவ்வாண்டின் இறுதியில் கொழும்புக்கு வந்து தரித்தது. கப்பலின் மருத்துவர் ரஷன்பேர்கர் தமது பயண நூலில் இலங்கையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சீயம் மன்னருக்குரிய பெட்டி அப்போது கப்பலிலேயே இருந்தது. 1836இல் அது பாங்கொக்கைச் சேர்ந்தது.

சுல்தானுக்குக் கொடுக்கப்பட்டதெனக் கருதப்படும் வெள்ளி டொலர் 1999இல் 4.14 மில்லியன் டொலருக்கு ஏலம்போனது. சீயத்தின் பெட்டி 1962இல் இலண்டனில் வெளிப்பட்டு, 2005இல் 8.5 மில்லியன் டொலருக்குக் கைமாறியது. ஓர் அரசர் பெற்ற அன்பளிப்பு என்ற சரித்திரமே அக்காசுகளுக்கு இத்தனை மதிப்பைத் தருகிறது.

கோப்பிக் காசும் துண்டும்

அதே 1835ஆம் ஆண்டு மலையக வரலாற்றிலும் ஒரு மைல்கல். இலங்கைக் கோப்பி மீதான இங்கிலாந்தின் இறக்குமதித் தீர்வை அவ்வாண்டில்தான் மேற்கிந்தியக் கோப்பியின் தீர்வைக்குச் சமமாகக் குறைக்கப்பட்டது. காடுகள் வெட்டப்பட்டன, தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கூட்டங்கூட்டமாக நடந்து வந்தனர். ஜோர்ஜ் ஸ்டுவர்ட் என்ற வர்த்தக நிறுவனம் கொழும்பில் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

தீவில் சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. கோப்பிக் கொட்டையைப் பொறுக்கித் தரம்பிரித்த தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க, வர்த்தக நிறுவனங்கள் தாமே செம்பிலும் பித்தளையிலும் அடையாள வில்லைகளை அடித்துக்கொண்டன. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் நிறுவனத்தின் வேகந்த ஆலை வில்லையில் 1843 என்ற ஆண்டு காணப்படுகிறது. 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது. 1872இல் ரூபாயும் சதமும் தீவின் நாணயமாயின. ஆலைகளோடு வில்லைகளும் மறைந்தன. லெப்டினன்ட் கேணல் லௌஸ்லி 1895இல் வெளியிட்ட ஆய்விலும், கொட்ரிங்டன் 1924இல் கொழும்பு அருங்காட்சியகத்துக்காக எழுதிய 'இலங்கையின் நாணயங்களும் நாணயப் புழக்கமும்' பற்றிய ஆங்கில நூலிலும் நாட்டின் நாணய வரலாறு திரட்டப்பட்டுள்ளது. இன்று அந்த வில்லைகளும் சேகரிப்பாளர் தேடும் பொருள்கள்.

அவற்றில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. ஆலையின் பெயர் இருக்கிறது. கோப்பி பொறுக்கி அதைப் பெற்ற பெண்ணின் பெயர் எங்கும் இல்லை.

நம் மக்களைப் பற்றி அக்காலத்தில் எழுத்தே இருக்கவில்லை என்று கூறமுடியாது. 'துண்டு' இருந்தது. ஒரு தொழிலாளி பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துபவர் இவரை அழைத்துச் செல்லலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் தாள் அது. தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு, கங்காணியிடமிருந்து கங்காணிக்கு அத்தாள் கைமாறியது. ஆளும் அதனோடு கைமாறினான். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிலடெல்பியாவின் தங்கக் காசுக்கு உரிமையாளர்களின் வரிசை எழுதப்பட்டது போல, இங்கு ஒரு மனிதனுக்கே எழுதப்பட்டது. காசின் வரிசை அதன் மதிப்பை உயர்த்தியது. மனிதனுக்கு எழுதப்பட்டதில் அவனது கடன் மட்டுமே இருந்தது.

எழுத்து ஏற்றிய விலை

எழுத்துக்கும் தங்கத்துக்கும் உள்ள உறவை இஸ்லாமிய நாணய வரலாறு அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் உருவங்களை நீக்கி, எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டார். அதன் எடை 4.25 கிராம். ஸகாத்துக்கான 20 தீனார் அளவை 85 கிராம் தங்கம் எனக் கணக்கிடுவது இந்த எடையை வைத்தே. நம் பவுண் கணக்கில் அது பத்தரைப் பவுணுக்குச் சற்று அதிகம்.

ஹிஜ்ரி 105இல் அடிக்கப்பட்ட ஓர் உமையா தீனார் 2011இல் இலண்டன் ஏலத்தில் 37 இலட்சத்து 20 ஆயிரம் ஸ்டேர்லிங் பவுணுக்கு விலைபோனது. அதிலும் தங்கம் சுமார் நாலேகால் கிராம்தான். 'அமீருல் முஃமினீனின் சுரங்கம், ஹிஜாஸ்' என்ற பொருள்பட அதில் ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. தான் எங்கிருந்து வந்தது என்று அந்தக் காசே சொல்கிறது. அவ்வளவு பெரிய விலையின் பின்னால் நின்றது அந்த வரிதான்.

மூதாட்டியின் பவுணில் உள்ள 'ஐ' எழுத்தும் அவ்வாறு பேசுகின்ற ஒன்றுதான். முதலாம் உலகப் போர்க்காலத்தில், இங்கிலாந்தின் அரச நாணயச் சாலை பம்பாயில் ஒரு கிளையைத் திறந்தது. 1918ஆம் ஆண்டில் மட்டும் அங்கு சுமார் 13 இலட்சம் பவுண்கள் அடிக்கப்பட்டன. 'இந்தியா' என்பதன் முதலெழுத்தே அந்த 'ஐ'. இது அரிதினும் அரிய காசன்று. வளையம் பற்றவைத்திருப்பதால் சேகரிப்பாளர் அதிக விலை தரவும் மாட்டார். ஆனால் பம்பாயில் பிறந்து, தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் வழியாக ராகலை மலைக்கு ஏறி வந்த தங்கம் அது. பாட்டன் ஊருக்குப் போய்வந்த செய்தியை உண்மையென்று சாட்சி சொல்ல அந்தக் குடும்பத்திடம் இருக்கும் ஒரே பொருளும் அதுதான். உருகிப்போன ஆறில் எந்த எழுத்து இருந்ததோ, யார் அறிவார்?

ஏழைக் குடும்பம் பவுணை விற்பது குற்றமன்று. அதற்காகத்தான் அது சேர்த்து வைக்கப்பட்டது. வைத்தியச் செலவுக்கு முன்னால் வரலாறு பேசுவது நியாயமும் ஆகாது. விற்குமுன் எழுதி வைக்கலாமே என்பதே என் ஆதங்கம். அதற்குப் பணம் தேவையில்லை. கொப்பியில் ஒரு பக்கம் போதும்.

இப்போது எங்கள் வகுப்பில் அப்படியொரு கொப்பி இருக்கிறது. காசைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுக்கிறோம். ஆண்டு, எழுத்து, எடை, யார் கொண்டுவந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பிள்ளைகளே கேட்டு எழுதுகிறார்கள். புளி போட்டு விளக்க வேண்டாம், பளபளப்பாக்கினால் மேற்பரப்பு தேய்ந்து பழைய காசின் மதிப்பே போய்விடும் என்றும் வீடுகளில் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள், உம்மும்மாவின் பெட்டியில் கிடக்கும் காசுக்கும் இவ்வாறு ஒரு பக்கம் எழுதி வைப்பார்களானால் மகிழ்வேன்.

கொப்பியின் முதற்பக்கம் அந்த மூதாட்டியின் பவுணுக்கு ஒதுக்கப்பட்டது. தன் பெயரையும், தன் தாயின் பெயரையும், பாட்டனின் பெயரையும், பாட்டன் போய்வந்த ஊரின் பெயரையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பேத்தி எழுதினாள். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது, கிழவி அவளை நிறுத்தி, "போன ஆறையும் எழுதும்மா" என்றார்.