துரித உணவின் வருகை: மலேசிய, சிங்கைச் சூழலில் ஒரு வரலாற்று நோக்கு

‘துரித உணவின் தீமைகள்’ என்பது நம் பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று. மாணவர் பெரும்பாலும் ஒரே வழியில்தான் அதனை எழுதுவர். மேலைநாட்டுப் பர்கரும் பொரித்த கோழியும் வந்தன, நம் மக்கள் வீட்டுணவை மறந்தனர், நோய்கள் பெருகின. இவ்வாறு எழுத அவர்களைப் பழக்கியவர்களும் ஆசிரியர்களாகிய நாமே. ஆயின், வரலாற்று நோக்கில் இக்கூற்றை அணுகும்போது ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. உணவு விரைவாகக் கிடைப்பது இந்நிலத்திற்குப் புதியதன்று. ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் கேட்டவர் பர்கர் கேட்டவரைவிட நெடுநேரம் காத்திருந்ததில்லை. அங்ஙனமாயின் புதிதாக வந்தது யாது? இவ்வினாவையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

விடையைத் தேடக் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகருக்குச் செல்லவேண்டும். ரிச்சர்ட், மோரிஸ் மெக்டோனல்ட் எனும் உடன்பிறந்தார் இருவர் 1940இல் அங்கு ஓர் உணவகம் தொடங்கினர். வாடிக்கையாளர் காரிலேயே அமர்ந்திருப்பர். பணியாளர்கள் தட்டேந்திச் சென்று பரிமாறுவர். வணிகம் நன்கு நடந்தது. எனினும், 1948இல் அவர்கள் கடையைச் சில மாதங்கள் மூடி, அனைத்தையும் மாற்றியமைத்தனர். பரிமாறுவோர் நீக்கப்பட்டனர். உணவுப் பட்டியல் ஒன்பது வகைகளாகச் சுருங்கியது. தட்டும் முள்கரண்டியும் மறைந்து காகிதம் வந்தது. அதனோடு தட்டுக் கழுவும் வேலையும் ஒழிந்தது. எல்லாவற்றினும் பெரிய மாற்றம் சமையலறையில் நிகழ்ந்தது. இறைச்சியை வாட்டுவது ஒருவர் வேலை, உருளைக்கிழங்கு பொரிப்பது இன்னொருவர் வேலை, காகிதத்தில் சுற்றுவது மற்றொருவர் வேலை எனப் பிரிக்கப்பட்டது. ஒருவருடைய வேலை மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கார்த் தொழிற்சாலைகளில் வேரூன்றியிருந்த வேலைப்பகுப்பு இவ்வாறு அடுப்படிக்குள் நுழைந்தது. பர்கர் 15 சென்டுக்கு விற்கப்பட்டது. பால்பானம் கலக்கும் இயந்திரங்களை விற்றுவந்த ரே கிராக் 1954இல் இக்கடையைக் கண்டு வியந்தார். மறு ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் தம் முதற்கிளையைத் திறந்த அவர், 1961இல் 27 இலட்சம் டாலருக்கு அச்சகோதரர்களின் உரிமைகள் அனைத்தையும் வாங்கிக்கொண்டார்.

அவர் வாங்கியது ஒரு பண்டத்தின் செய்முறையை அன்று. தேர்ந்த சமையற்காரர் தேவைப்படாத ஒரு சமையலறையை எனலாம். உலகெங்கும் பரவியதும் அதுவே.

அம்முறை சார்ந்த உணவகங்கள் இங்குப் படிப்படியாக வந்தன. ஏ அண்ட் டபிள்யூ உணவகம் 1963இல் மலேசியாவிலும் 1966இல் சிங்கப்பூரிலும் தோன்றியது. கே.எப்.சி. 1973இல் கோலாலம்பூருக்கும் 1977இல் சிங்கப்பூருக்கும் வந்தது. மெக்டோனல்ட்ஸ் 1979இல் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையிலும், 1982இல் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் வட்டாரத்திலும் முதற்கடைகளைத் திறந்தது. இவ்வாண்டுகளோடு மற்றொரு நிகழ்வையும் இணைத்து நோக்கலாம். சிங்கப்பூரில் தெருவோர உணவு வணிகர்களை உணவங்காடி நிலையங்களுக்கு இடம்பெயர்க்கும் பணி 1971 முதல் 1986 வரை நடைபெற்றது. தெருவோரத்து அடுப்புகள் அகன்ற அதே காலத்தில்தான் குளிரூட்டப்பட்ட உணவகங்கள் பெருகின. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று கூற நாம் துணியவில்லை. எனினும், தூய்மையும் ஒழுங்கும் நாகரிகத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்ட ஒரு தலைமுறைக்கு இவ்வுணவகங்கள் உவப்பாக இருந்தமையில் வியப்பில்லை.

இங்குள்ள மக்கள் இவ்வருகையை அப்படியே விழுங்கிவிடவும் இல்லை. மாட்டிறைச்சி உண்ணாத இந்துக்களுக்குக் கோழி உணவகங்கள் இசைவாயின. முஸ்லிம்களுக்கு ஹலால் இன்றியமையாதது. சிங்கப்பூர் மெக்டோனல்ட்ஸ் 1992இல் ஹலால் சான்றிதழ் பெற்றது. அதற்கு முன்னரே, 1970களின் இறுதியில், ரம்லி மொக்னி என்பவர் ஹலால் முறையில் பர்கர் இறைச்சி செய்து கோலாலம்பூரில் விற்கத் தொடங்கியிருந்தார். ரம்லி பர்கர் கடையைக் கண்டவர் அறிவர்: ஓரத்தில் ஓர் அடுப்பு, ஒரே ஒருவர். முட்டையை மெல்லிதாகப் பரப்பி இறைச்சியை அதில் மடித்து, வாடிக்கையாளர் கேட்ட காரத்தோடு தருவார். சான் பெர்னார்டினோவில் வெளியேற்றப்பட்ட சமையற்காரர் நம் சாலையோரத்தில் மீண்டும் வந்து நின்றார் என்று சொன்னால் மிகையாகாது.

மேலும், இவ்வுணவகங்கள் உணவை மட்டும் விற்கவில்லை. பிறந்தநாள் விழாவுக்கும் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் அவை இடமாயின. 2000 சனவரியில் சிங்கப்பூர் மெக்டோனல்ட்ஸ் கடைகளின் முன் பெருங்கூட்டம் வரிசை பிடித்தது; நெரிசலில் கதவுக் கண்ணாடி உடைந்து சிலர் காயமுற்றனர். அவ்வரிசை உணவுக்காக அன்று, ‘ஹலோ கிட்டி’ பொம்மைகளுக்காக.

இனி உடல்நலம் பற்றி நோக்குவோம். மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வுகளின்படி, உடற்பருமனுற்ற பெரியவர்கள் 1996இல் 4.4 விழுக்காட்டினர், 2006இல் 14 விழுக்காட்டினர், 2019இல் 19.7 விழுக்காட்டினர். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியருள் 63.9 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்களாகக் காணப்பட்டனர், 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இரண்டிலும் நாட்டின் முப்பெரும் இனங்களுள் நாமே முன்னிற்கின்றோம். இதற்குப் பர்கரை மட்டும் பழிப்பது எளிது, ஏற்புடையதன்று. பர்கர்க் கடைக்கு எல்லா இனத்தவரும் செல்கின்றனர். இடைவேளைதோறும் அருந்தும் தே தாரிக்கில் ஊற்றப்படும் இனிப்புப் பால், நெய்யூற்றி விரித்த ரொட்டி, அளவின்றிக் குவிக்கும் வெள்ளைச் சோறு, நடை குறைந்த வாழ்க்கை, மரபுவழி நாட்டம் ஆகியன கணக்கில் வராமற்போவது ஏன்? 2019 சூலையில் மலேசிய அரசு இனிப்பூட்டிய பானங்களுக்கு வரி விதித்தபோதும் அது ஆலையில் அடைத்து விற்கும் பானங்களையே குறித்தது. ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தேநீர் அதற்கு வெளியே நின்றது. ‘நம்முடையது’ என்பதனாலேயே ஓர் உணவு ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகிவிடுகின்றது.

இதற்கிடையே அச்சமையலறை நம் உணவுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆலையில் உருட்டி, தட்டி, உறையவைத்த ரொட்டி சானாய் இன்று பேரங்காடிகளில் அடுக்கப்பட்டுள்ளது. மலேசியாவிலிருந்து கப்பலேறி வெளிநாடுகளுக்கும் செல்கின்றது. அதைச் சுட்டெடுக்க மாவை வீசி விரிக்கும் கைப்பழக்கம் வேண்டியதில்லை. உறையைப் பிரித்து, சூடான கல்லில் இட்டு, சில நிமிடங்களில் திருப்பினால் போதும்.