செக்ரோலும் வம்சாவளியும்: தெரணியகலைத் தோட்டங்களில் குடியுரிமைச் சான்றின் வரலாறு

சிவனொளிபாதமலைத் தொடரின் மேற்குச் சரிவிலிருந்து இறங்கும் சீதாவக்கை ஆற்றின் பள்ளத்தாக்கில், கேகாலை மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்த தெரணியகலையைச் சுற்றி நூரி, மாலிபொட, மியனவிட்ட முதலிய தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பரந்துள்ளன. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும் காவிரிப் படுகையிலிருந்தும் அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இத்தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட ஓரறைக் குடியிருப்புகளில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களிடம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்பதற்கு அத்தாட்சி கேட்டபோது, அவர்களைப் பற்றி எழுதப்பட்டிருந்த ஏடுகள் பெரும்பாலும் தோட்டக் காரியாலயத்தின் பூட்டுக்குள் இருந்தன. அவையும் கூலிக் கணக்குக்காக எழுதப்பட்டவையே அன்றிக் குலவரலாற்றுக்காக எழுதப்பட்டவையல்ல. இந்தப் பொருத்தமின்மை எவ்வாறு தோன்றியது, அதன் சுமையை யார் சுமந்தனர், அரை நூற்றாண்டுக்குப் பின் அது எவ்வாறு தளர்ந்தது என்பனவே தெரணியகலை அடங்கும் சப்பிரகமுவ மாகாணத் தோட்டங்களின் குடியுரிமை வரலாற்றின் உள்ளடக்கம் எனலாம்.

கங்காணி முறையில் திரட்டப்பட்ட தொழிலாளரைப் பின்தொடர்ந்த முதல் ஆவணம் கடனைப் பற்றியது. ஊரில் ஆள் சேர்த்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த கங்காணி, பயணச் செலவையும் முன்பணத்தையும் தொழிலாளரின் பேரில் கடனாக எழுதினார். அவர் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இவ்வளவு கடன் தீர்ந்தால் ஆளை விடுவிக்கலாம் என்று துரை, அதாவது தோட்ட அதிகாரி, எழுதிக்கொடுக்கும் சீட்டு 'துண்டு' எனப்பட்டது. 1901ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய 'டின் டிக்கட்' முறையில், தோட்டத்தின் பதிவு எண்ணும் ஆளின் தொடரெண்ணும் பொறித்த தகர வில்லையைத் தொழிலாளர் கழுத்தில் அணிந்து பயணம் செய்தனர். அரசு அவர்களைக் கடனுக்கு ஏற்றிவந்து, வில்லையில் இருந்த எண்ணைக் கொண்டு அந்தந்தத் தோட்டத்திடம் செலவை அறவிட்டது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையிலிருந்து விலகுவோருக்குக் கொடுக்கப்படும் 'பற்றுச்சீட்டு' தொடர்ந்தது. இவற்றுள் எதுவும் ஆளின் தந்தை யார், அவர் எங்கே பிறந்தார் என்று சொல்லும் நோக்கத்தோடு ஆக்கப்பட்டதன்று.

தோட்டத்தின் நடுநாயகமான ஏடு 'செக்ரோல்' ஆகும். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் அணிவகுப்பில், யார் வந்தனர், எந்த மலையில் வேலை செய்தனர், அரைப்பேரா முழுப்பேரா, அதாவது அரைநாளா முழுநாளா, என்று கணக்கப்பிள்ளை குறித்துக்கொண்டதைக் காரியாலயத்தில் மாதச் சம்பளக் கணக்காக எழுதிவைத்த பதிவேடு அது. அதில் பெயருக்குரிய இடம் சிறிது. தந்தையின் பெயரோ பிறந்த ஊரோ இடம்பெற வேண்டிய தேவையும் இல்லை. ஒரே பெயருடைய பலரை எண்ணாலும் கங்காணியின் பெயராலும் வேறுபடுத்தினாலே சம்பளக் கணக்குக்குப் போதும். வீட்டில் முத்துசாமி என அழைக்கப்பட்டவர் செக்ரோலில் முத்து என்றும், வேறொரு தாளில் முத்தையா என்றும், ஆங்கில எழுத்தில் மேலும் ஒரு வடிவிலும் பதிவாவது இயல்பாக இருந்தது. இந்தப் பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கின்றன என்று நிறுவும் வேலை பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளின் தலையில் விழுந்தது.

இலங்கையில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் நாடளாவிய முறையாயிற்று. 1895ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனை விரிவாக்கியது. தோட்டங்களில் நிகழும் பிறப்புகளும் இறப்புகளும் தோட்ட அதிகாரியின் வழியாகவே பதிவாளரைச் சென்றடைந்தன. தாய் தந்தையர் நேரில் பதிவாளரைக் காணாமல், காரியாலயத்தினர் எழுதியனுப்பும் அறிக்கையே பிறப்புப் பதிவுக்கு அடிப்படையானதால், எழுதுவோரின் கவனக்குறைவும் காதில் விழுந்த பெயரின் மாற்றமும் அப்படியே அரச பதிவேட்டில் ஏறின. அதோடு, தோட்டங்களில் திருமணங்கள் பெரும்பாலும் ஊர்ப் பெரியோர் முன் தாலி கட்டி நடந்தனவே அன்றிப் பதிவு செய்யப்படவில்லை. பெற்றோரின் திருமணம் பதிவாகாதபோது பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தந்தையின் பெயருக்குரிய கட்டம் வெறுமையாக விடப்படுவதும் உண்டு. தந்தைவழியை மட்டுமே கணக்கில் கொண்ட ஒரு சட்டம் வந்தபோது அந்த வெற்றுக் கட்டம் முழு உரிமையையும் விழுங்கவல்லதாயிற்று.

அந்தச் சட்டமே 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமாகும். அது குடியுரிமையை வம்சாவளிக் குடியுரிமை, பதிவுக் குடியுரிமை என இரண்டாகப் பிரித்தது. அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகனாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அந்நாளுக்குப் பின் பிறந்தவருக்கோ, பிறக்கும்போது தந்தை இலங்கைக் குடிமகனாக இருத்தல் வேண்டும். வம்சாவளிக் குடியுரிமையில் தாயின் வழி எண்ணப்படவில்லை. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, பெற்றோர் இன்னார் என்று அறிய முடியாதபடி கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படும் குழந்தையை, மாறாக நிறுவப்படும் வரை, வம்சாவளிக் குடிமகனாகவே கருதியது. ஆகவே பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தைக்குக் கிடைத்த ஊகத்தின் சலுகை, பெற்றோரும் பாட்டனும் ஒரே லயத்தில் வாழ்ந்து மடிந்த தோட்டப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. ஆனால் நடைமுறையில் அத்தாட்சி கேட்கப்பட்டது தோட்டத் தமிழரிடமே. 1867க்கு முன் பிறந்த பூட்டனுக்குப் பிறப்பத்தாட்சி காட்டுவது கிராமத்துச் சிங்களவருக்கும் எளிதன்று எனினும், அவரிடம் அதைக் கேட்பார் இல்லை.

கடலுக்கு அப்பால் இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு வேறொரு வம்சாவளிக் கணக்கை வகுத்திருந்தது. வெளிநாட்டில் வாழும் ஒருவருடைய பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டிமாரில் எவரேனும் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால், அவர் இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பித்துக் குடிமகனாகப் பதிவு பெறலாம். இந்தக் கணக்கில் தாய்வழியும் எண்ணப்பட்டது. ஆயினும் விண்ணப்பியாதவர் இந்தியராவதில்லை. இலங்கைக் கணக்கில் தேறாதவரும் இலங்கையராவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்களுக்கே 'நாடற்றவர்' என்னும் பெயர் நிலைத்தது. 1946ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் இந்தியத் தமிழர் எனக் குறிக்கப்பட்டோர் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் பேர், அதாவது நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கினர் என்பதை நினைத்தால் இந்த இடைவெளியின் அகலம் விளங்கும்.

வம்சாவளியை நிறுவ இயலாதோருக்கென 1949இல் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் (1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கம்) இயற்றப்பட்டது. 1946 ஜனவரி 1க்கு முன், திருமணமானவராயின் 7 ஆண்டுகளும் திருமணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வதிந்திருக்க வேண்டும் என்பதும், ஒரு தடவையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே தங்கியிருத்தல் ஆகாது என்பதும், போதிய வருமானம் வேண்டும் என்பதும் அதன் முதன்மையான நிபந்தனைகள். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்டு 5 வரை அவகாசம் தரப்பட்டது. தோட்டத் தொழிலாளர் சார்ந்த அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிப்பதைப் புறக்கணிக்கச் சொல்லிப் பின்னர் நிலைப்பாட்டை மாற்றியதால், பெரும்பாலான விண்ணப்பங்கள் கடைசி மாதங்களில் குவிந்தன. இங்குதான் செக்ரோல் முதன்முறையாகச் சாட்சிக் கூண்டில் ஏறியது. மாதந்தோறும் சம்பளம் பெற்ற பதிவு வதிவிடத்தின் அத்தாட்சியாயிற்று. துரையின் கடிதம், தோட்டப் பாடசாலையின் வருகைப் பதிவேடு, போர்க்கால உணவுப் பங்கீட்டுப் புத்தகம் ஆகியவை அதற்குத் துணை நின்றன. ஆனால் ஊர்க் கோயில் கொடைக்கோ, மகள் திருமணத்துக்கோ, நோயுற்ற தாயைப் பார்க்கவோ போய்த் திரும்பிய காலம் செக்ரோலில் வெற்றிடமாகத் தெரிந்தது. தோட்டம் மாறியவரின் வரலாறு இரண்டு மூன்று காரியாலயங்களில் துண்டுபட்டுக் கிடந்தது. சிறு உடைமையாளரும் கைமாறிய நிலங்களும் நிறைந்திருந்த இறப்பர்ப் பகுதிகளில், பழைய பதிவேடுகளைத் தேடித் தருவோர் கிடைப்பதே அரிது. ஏறத்தாழ 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்களின் வழியே 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காகக் கேட்கப்பட்ட குடியுரிமை, முடிவில் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே கிடைத்தது.

இந்தச் சட்டங்களின் செல்லுபடியை எதிர்த்து வழக்காடிய புகழ்பெற்ற முயற்சி தெரணியகலைக்கு அண்மையில் உள்ள ருவான்வெல்லத் தொகுதியிலிருந்து எழுந்தது என்பது இவ்வட்டாரத்தின் வரலாற்றில் குறிக்கத்தக்கது. குடிமக்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்று 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வகுத்தபின், கோடகன்பிள்ளை என்பவர் அத்தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரினார். எந்தச் சமூகத்துக்கும் ஏனையோருக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது என்ற, அன்று நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை அவர் தரப்பு எடுத்துக்காட்டியது. இடாப்பைத் திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் அவ்வாதத்தை ஏற்றார். உயர் நீதிமன்றம் 1951இல் அம்முடிவை மாற்றியது. 1953இல் இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. தன் குடிமக்கள் யாவர் என வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பாக உரிய அதிகாரம் என்றும், சட்டத்தின் வாசகம் எந்தச் சமூகத்தையும் ஒதுக்கவில்லை என்றும் கொள்ளப்பட்டதால், அத்தாட்சி இன்மை என்னும் நடைமுறைத் தடை நீதிமன்றத்தின் பார்வையில் பாகுபாடாகக் கருதப்படவில்லை.

மூதாதையரைத் தாளால் நிறுவச் சொல்லும் வழக்கம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் செரோக்கிப் பழங்குடியினரிடையே, 1893இல் அமைந்த டாஸ் ஆணைக்குழு பொது நிலத்தைத் தனித்தனியே பங்கிடுவதற்காகத் தயாரித்து 1906-07 அளவில் முடித்த பெயர்ப்பட்டியலில் நேர் மூதாதை ஒருவர் இருந்தால்தான், இன்றும் ஒக்லகோமாவின் செரோக்கி நாட்டில் உறுப்புரிமை கிடைக்கும். வட கரோலினாவின் கிழக்குச் செரோக்கியினர் 1924ஆம் ஆண்டின் பேக்கர் பட்டியலையும் பதினாறில் ஒரு பங்கு இரத்த உறவையும் அளவுகோலாகக் கொள்கின்றனர். செரோக்கியரிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்கள் அதே டாஸ் பட்டியலில் தனியாக எழுதப்பட்டிருந்ததால், அவர்களுடைய உரிமை 2017ஆம் ஆண்டின் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பு வரை வழக்கில் இழுபட்டது. அங்கே நிலப் பங்கீட்டுக்கான பட்டியல், இங்கே கூலிக் கணக்குக்கான ஏடு. இரண்டும் ஆள்வோர் தம் தேவைக்கு எழுதியவை. ஆனால் செரோக்கியருக்கு ஒருமுறை முடித்துவைக்கப்பட்ட பட்டியல் ஒன்றாவது இருந்தது; அதில் உள்ள பெயரோடு தம்மை இணைக்கும் பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடினால் போதும். தோட்டத் தமிழருக்கு அப்படியொரு பட்டியலே இல்லாததால், ஒவ்வொரு குடும்பமும் தன் சான்றைத் தானே புதிதாகத் தொகுக்க வேண்டியிருந்தது.

1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே ஒப்பமிடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் என மதிப்பிடப்பட்ட 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. எஞ்சிய 1 லட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இதன்பின் கேள்வி பாட்டன் பிறந்த இடத்திலிருந்து குடும்பம் எந்தப் பக்கத்துக்கு விண்ணப்பித்தது என்பதற்கு மாறியது. ஒரே குடும்பத்தில் தந்தை இந்தியக் கடவுச்சீட்டோடும், மூத்த மகன் இலங்கைப் பதிவுப் பத்திரத்தோடும், இளையவர் எதுவுமின்றியும் நிற்கும் நிலை உண்டாயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகியும் சில இடங்களில் துண்டாடப்பட்டும் போனதும், 1977இலும் 1981இலும் சப்பிரகமுவத் தோட்டங்களைத் தாக்கிய வன்செயல்களும் மக்களை இடம்பெயர்த்தபோது, பலர் உடைமையோடு பத்திரங்களையும் இழந்தனர்.

தீர்வு வந்த வழியே இந்த வரலாற்றின் கருத்தை வெளிக்காட்டுகிறது. 1986ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய 94 ஆயிரம் பேருக்குக் குடியுரிமை வழங்க வகைசெய்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பியாதவர் சத்தியக் கடதாசியின் மூலம், அதாவது உண்மையென உறுதியளித்து ஒப்பமிடும் எழுத்துமூல அறிக்கையின் மூலம், தம் நிலையை நிறுவ இடமளித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ, 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்தவருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமையை உரித்தாக்கியது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் போகாமல் தங்கியோரும் ஒரு பிரகடனத்தின் வழியே அதைப் பெற்றனர். அவ்வாண்டு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு நடந்த முகாம்களில் பத்து நாட்களுக்குள் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் குடியுரிமை பெற்றனர். போரினால் தமிழ்நாட்டு முகாம்களில் தங்க நேர்ந்தோர் வதிவிட நிபந்தனையால் விடுபட்டதை 2009ஆம் ஆண்டின் திருத்தம் சரிசெய்தது. அரை நூற்றாண்டாக ஏடுகளில் கிடைக்காத அத்தாட்சி 2003இல் திடீரெனக் கிடைத்துவிடவில்லை. அந்த அத்தாட்சியைக் கேட்பதை அரசு நிறுத்தியது, அவ்வளவே. சான்றின் கடினம் மக்களின் வரலாற்றில் இருந்த குறையால் விளைந்ததன்று, சட்டம் சுமத்திய சுமையால் விளைந்தது என்பதற்கு அந்தப் பத்து நாட்களே போதிய ஆதாரம்.

குடியுரிமை தீர்ந்தபோதிலும் பெயர்ப் பொருத்தமின்மையின் விளைவுகள் தீர்ந்துவிடவில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதியைப் பெற விண்ணப்பிக்கும்போது, செக்ரோலில் உள்ள பெயரும் தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் வேறுபட்டால் இன்றும் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டியுள்ளது. மறுபுறம், 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்கு மாறிய பின்னரும் சில காரியாலயங்களில் எஞ்சியுள்ள பழைய செக்ரோல்களும் பிறப்பு அறிக்கைகளும் எந்தக் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் இன்றியமையாதவை அல்ல என்பதாலேயே அழியும் நிலையில் உள்ளன. உரிமைச் சான்றாக அவை தம் மக்களைப் பலமுறை கைவிட்டன. ஆயினும் ஒரு குடும்பம் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் என்ன வேலை செய்தது என்பதை அறிய வேறு எழுத்து மூலம் அரிது. அவற்றைத் தொகுத்து ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பது தெரணியகலை போன்ற தோட்டப் பகுதிகளின் வரலாற்றை எழுத முனைவோருக்கு முதற்கடமையாகும்.